கமராவின் பிறந்தநாளும் ஐயாவின் எட்டும்

1

நேற்று எங்கள் கமராவுக்குப் பிறந்தநாள். அது ஒரு தொலைநோக்கியில் பூட்டப்பட்டு விண்வெளிக்கு ஏறிய நாளைத்தான் இங்கே அப்படிச் சொல்கிறார்கள். ஒல்லாந்துக்காரர்களின் பிறந்தநாள் வழக்கம் ஊரில் இருக்கும் உங்களுக்குத் தெரிந்திருக்காது. பிறந்தநாள்காரரை மட்டும் வாழ்த்திவிட்டுக் கேக்கை வாயில் போட முடியாது. அவருடைய மனைவி, தாய், மாமனார், பக்கத்து வீட்டுக்காரர் என்று வட்டமாகக் கதிரை போட்டு இருக்கிற அத்தனை பேரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். வந்த புதிதில் ஒரு பெண்மணியை மட்டும் வாழ்த்திவிட்டு அவருடைய கணவரை விட்டுவிட்டேன். அந்த மனிதர் வெகுகாலம் என்னோடு முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

கமரா எங்கோ தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருக்கிறது. அதன் சொந்தக்காரர்கள் என்ற முறையில் நேற்று நாங்கள் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொண்டோம். "உங்கள் கமரா நீடூழி வாழட்டும்" என்று எங்கள் குழுத் தலைவி என் கையைப் பிடித்தார். நானும் பல்லைக் காட்டினேன். அது நீடூழி வாழாது என்பது அந்த அறையில் எல்லாருக்கும் தெரியும். அது எவ்வளவு கெட்டுப்போய்விட்டது என்று அளந்து சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

"மகன் விண்வெளியில வேலையாம்" என்று கிளிநொச்சிப் பக்கம் ஒரு கதை உலாவுவதாக அறிகிறேன். தயவுசெய்து நம்ப வேண்டாம். நான் விஞ்ஞானியும் இல்லை. யாழ்ப்பாணத்தில் பாதியில் விட்டு வந்த பௌதிகப் படிப்பை வைத்துக்கொண்டு, வெளிச்சமே படாமல் எடுத்த கறுப்புப் படங்களை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பவன். கேக்கைச் சாப்பிட்டுவிட்டு மேசைக்குத் திரும்பியபோது, ஐயாவை, என் தகப்பனைப் பற்றி எழுதாமல் இனி இருக்க முடியாது என்று பட்டது.

2

ஐயாவின் கதைக்கு முதல் கமராவின் வருத்தத்தைச் சொல்ல வேண்டும். வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிப் பழகிய எங்கள் உருத்திரபுரத்து ஆட்களுக்கு இது விளங்கும்.

அந்தக் கமராவுக்குள் பிலிம் கிடையாது. சிறிய சிலிக்கன் தகடு ஒன்று இருக்கிறது. தகடு முழுக்கக் கண்ணுக்குத் தெரியாத பாத்திகள். நட்சத்திரத்தின் ஒளி விழுந்தால் அந்தப் பாத்தியில் இலத்திரன்கள் சேரும். சேர்ந்ததை எண்ணுவதற்கு ஒரேயொரு மதகு, தகட்டின் மூலையில். ஆகவே ஒவ்வொரு பாத்தியில் இருப்பதையும் அடுத்த பாத்திக்கு, அதிலிருந்து அடுத்ததற்கு என்று வெட்டிவிட்டு வெட்டிவிட்டு மூலைக்குக் கொண்டுவர வேண்டும். தூரத்துப் பாத்தியில் இருப்பது நூற்றுக்கணக்கான பாத்திகளைத் தாண்டித்தான் மதகுக்கு வரும். தகடு புதிதாக இருக்கும்போது வழியில் ஒரு சொட்டும் சிந்தாது.

சிந்த வைப்பது கதிர்வீச்சு. பிரேசில் கரைக்கு மேலே பூமியின் காந்தக் காப்பு தாழ்ந்து கிடக்கிற இடம் ஒன்று உண்டு. தொலைநோக்கி நாளுக்குப் பல தடவை அதற்குள்ளால் போக வேண்டும். அந்த நேரம் நாங்கள் படம் எடுப்பதை நிறுத்திவிடுவோம். ஊரில் குண்டு போடும் கிபிர் விமானத்தின் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் இறங்குகிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்தப் பங்கர் ஒன்றையும் தடுக்காது. புரோத்தன்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு வந்து, தகட்டில் ஒழுங்காக இருந்த அணுக்களை இடம்பெயர்த்து விடுகின்றன. அணு எழும்பிப்போன இடம் ஒரு குழி. கடந்து போகிற இலத்திரனை அந்தக் குழி பிடித்து வைத்துக்கொண்டு பிந்தித்தான் விடும். நட்சத்திரத்துக்குப் பின்னால் ஒரு மெல்லிய வால் இழுபடும், நட்சத்திரமோ உள்ளதைவிட மங்கலாகத் தெரியும். எவ்வளவு தூரத்திலிருந்து வந்ததோ அவ்வளவு இழப்பு. அதிலும் மங்கலான நட்சத்திரம்தான் தன் பங்கில் கூடுதலாகப் பறிகொடுக்கும். இல்லாதவனிடம்தான் பிடுங்குவது என்பது அங்கேயும் சட்டம் போலிருக்கிறது.

மாதத்துக்கு ஒரு தடவை தகட்டைச் சூடாக்கி ஒத்தடம் கொடுப்பார்கள். இருட்டிலும் சும்மா எரிந்துகொண்டிருக்கும் சில புள்ளிகள் அதில் சுகப்படும். குழிகளுக்கு அந்த ஒத்தடம் பிடிப்பதில்லை. அவை வருடத்துக்கு வருடம் கூடிக்கொண்டே போகின்றன, ஒருவரும் ஒன்றும் செய்ய முடியாது.

எங்களால் முடிந்தது கணக்குப் பார்ப்பது. இந்த நட்சத்திரம் எத்தனை பாத்தி தாண்டி வந்தது, எவ்வளவு மங்கல், தகட்டுக்கு எத்தனை வயது என்று பார்த்து, வழியில் போனதைத் திரும்பக் கூட்டி எழுதுவோம். ஆயிரம் நட்சத்திரங்களை ஒன்றாகப் பார்த்தால் கணக்குச் சரியாகவே வரும். தனியே ஒன்றை எடுத்தால் பிழைக்கலாம். "ஒரு நட்சத்திரத்தை வைத்துச் சத்தியம் செய்யாதே" என்று குழுத் தலைவி நான் சேர்ந்த முதல் கிழமையிலேயே சொன்னார். நான் தலையாட்டினேன்.

3

சண்டைக்குப் பயந்து கிளிநொச்சியை விட்டுச் சனம் எழும்பிய ஆண்டில் ஐயாவும் அம்மாவும் அக்கராயன் பக்கம் போய் ஒரு கொட்டிலில் இருந்தார்கள். அண்ணன் அப்போதே ஜேர்மனியில், நான் இங்கே. அந்த வன்னிப் பகுதிக்குள் மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. யாராவது வெளியே போக அனுமதிப் பாஸ் எடுத்து வவுனியாவுக்குப் போனால் அவர் வாயில் செய்தி வரும். அவர் அங்கே நெளுக்குளத்தில் இருக்கும் பவளம் மச்சாளிடம் சொல்வார். மச்சாள் ஐயாவின் தங்கையின் மகள். அவர் கொம்யூனிக்கேஷன் கடைக்கு நடந்து போய் அண்ணனுக்குத் தொலைபேசி அடிப்பார். அண்ணன் எனக்கு அடிப்பார்.

எல்லாரும் இரக்கமுள்ள மனிதர்கள். வந்த கரைச்சலே அதுதான். எங்கள் சனம் இழவுச் செய்தியைப் பட்டென்று சொல்லாது. வந்து இருந்து, ஒரு தேத்தண்ணி குடித்து, "கொஞ்சம் சுகமில்லை" என்று தொடங்கி, "கடுமைதான்" என்று ஏற்றி, கேட்பவரின் கால் தளருவதைப் பார்த்துப் பிடித்துக்கொண்டுதான் மிச்சத்தைச் சொல்லும். ஒரு வீட்டுக்குள் அது நல்ல வழக்கம். நாலு வாய் தாண்டி வரும் செய்தியில் ஒவ்வொரு வாயும் ஒரு படி இறக்கினால், கடைசி வாய்க்கு என்ன மிஞ்சும்?

"அம்மாவுக்குக் கொஞ்சம் காய்ச்சலாம், இப்ப பரவாயில்லையாம்" என்று அண்ணன் சொன்னார். எனக்கு நிம்மதி. தேசிக்காய் பிழிந்து குடிக்கச் சொல்லுங்கோ என்று பதில் சொல்லி அனுப்பினேன். அந்தச் செய்தி வன்னியை விட்டு வெளிக்கிட முதலே மலேரியா அம்மாவைக் கொண்டுபோய்விட்டது. வெகுநாள் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிந்தது. நான் சொல்லி அனுப்பிய தேசிக்காய் மட்டும் ஒரு குறையும் இல்லாமல் ஐயாவிடம் போய்ச் சேர்ந்ததாம்.

"இனி அங்கையிருந்து என்ன வந்தாலும் ஒரு படி கூட்டித்தான் விளங்க வேணும்" என்றார் அண்ணன். நான் உடனே ஒத்துக்கொண்டேன். எனக்குத் தெரிந்த வேலையே அதுதானே.

4

ஐயா தனியே உருத்திரபுரத்துக்குத் திரும்பிப் போய்க் கூரையில்லாத வீட்டுக்குப் பக்கத்தில் கொட்டில் போட்டு, காணியைக் கொத்திக்கொண்டிருந்தார். ஒரு நாள் அண்ணன் அடித்தார்.

"மச்சாள் எடுத்தவ. ஐயாவுக்குக் கடுமையாம். வவுனியா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வருகினமாம்."

 கடுமைக்கு அடுத்த படி என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியும். அண்ணன் மச்சாளின் கொம்யூனிக்கேஷன் கடைக்கு எடுத்துப் பார்த்தார். "அவா விடிய ஆஸ்பத்திரிக்குப் போனவா, இன்னும் வரேல்லை" என்று கடைக்காரர் மெதுவாகச் சொன்னாராம். "அந்தாளின்ர குரலிலையே விளங்கீட்டுது தம்பி" என்று அண்ணன் அழத் தொடங்கினார். நானும் அழுதேன். செத்தவீட்டுக்காரியிடம் திரும்பத் திரும்பக் கேட்டு அவரையும் வதைக்கக் கூடாது என்று மச்சாளுக்கு மேலும் அடிக்காமல் விட்டோம். அதையும் பெரிய மனதாக நினைத்தே செய்தோம்.

வேலையிடத்தில் துக்க விடுமுறைக்கு இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். தகப்பன் செத்தது வரும் வழியில் என்றால் அங்கே அதைப் பதிகிற கந்தோர் இல்லை, இருந்தாலும் கடிதம் வராது, வந்தாலும் சோதனைச் சாவடியில் நிற்கும் என்று விளக்கினேன். எங்கள் கந்தோரில் விடுமுறை பதிகிற பெண் கண் கலங்கி, "பின்னர் சமர்ப்பிக்கப்படும்" என்று எழுதி வைத்தாள்.

எட்டாம் நாள் செத்தவருக்குப் படைக்கிற எட்டை அண்ணன் அங்கேயும் நான் இங்கேயும் செய்தோம். என் மனைவி சாந்தி விடிய எழும்பிச் சமைத்தாள். ஐயாவுக்குப் பிடித்ததெல்லாம் வாழையிலை இல்லாத குறைக்குக் கடதாசித் தட்டில் வைத்து, பக்கத்தில் ஒரு போத்தலையும் வைத்து, அறைக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். மகள் ஆரணிக்கு அப்போது ஆறு வயது. "கதவைப் பூட்டினா அப்பப்பா என்னெண்டு உள்ளுக்கு வாறது?" என்று தமிழில் கேட்டாள். அவள் தானாக ஒரு முழு வசனத்தைத் தமிழில் பேசினாளே என்று அந்தத் துக்கத்திலும் எனக்குச் சந்தோஷம். செத்தவருக்குக் கதவு தேவையில்லை என்று சொன்னேன். அவள் அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். இங்கே வளர்கிற பிள்ளைகளுக்குச் செத்தால் செத்ததுதான், படி ஏறி இறங்குகிற வேலை இல்லை.

5

அது முடிந்து சில நாளில், ஒரு சனிக்கிழமை மத்தியானம், நான் குசினியில் கோப்பை துடைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. ஆரணி எடுத்தாள். ஏதோ சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

"ஆர் பிள்ளை?"

"பிழையான நம்பர்" என்றாள் ஒல்லாந்து மொழியில்.

திரும்ப அடித்தது. இந்தத் தடவை நான் எடுத்தேன்.

"தம்பி, பவளம் கதைக்கிறன். என்னடா உங்கட வீட்டில? பிள்ளை என்னவோ சொல்லிப்போட்டு வைச்சிட்டாளாம். இந்தா, ஐயாவோட கதை."



"என்னடா" என்றது ஐயாவின் குரல். "நான் அப்பப்பா கதைக்கிறன் எண்டு சொல்ல, இல்லை, அப்பப்பா செத்திட்டார், நாங்கள் சாப்பாடு வைச்சனாங்கள் எண்டுறாள் உன்ர மோள். மெய்யோ?"

ஓம் என்று மட்டும் சொன்னேன்.

"என்ன வைச்சனியள்?"

"ஐயா..."

"கேட்டதுக்குச் சொல்லு."

"மீன் குழம்பு. முருங்கைக்காய். மரக்கறியள்."

"என்ன மீன்?"

"இஞ்சத்தை மீன். பேர் தெரியாது."

"போத்தல்?"

"வைச்சனாங்கள்."

"அப்ப குறையொண்டும் இல்லை" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி நெடுநேரம் நிற்கவில்லை. நின்ற பிறகு குரல் வேறாக இருந்தது. "வந்த அண்டே பவளத்திட்டைக் கேட்டனான், பிள்ளையள் எடுத்தவையோ எண்டு. ஒவ்வொரு நாளும் கேட்டனான். ஒருத்தரும் எடுக்கேல்லை. கொண்ணைக்கு அடிச்சால் எந்த நேரமும் ஆரோ கதைச்சுக்கொண்டு இருக்கினமாம். உன்ர நம்பர் என்ர சேட்டுப் பொக்கற்றுக்கை கிடந்து இண்டைக்குத்தான் கண்டனான்."

அண்ணன் வீட்டுத் தொலைபேசி ஏன் ஓயவில்லை என்று எனக்குத் தெரியும். ஐரோப்பா முழுக்க இருந்த எங்கள் சொந்தக்காரர்கள் ஐயாவுக்குத் துக்கம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருடத்தில் ஐயா ஒரு தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தது அந்தக் கொஞ்ச நாள்தான். அந்த நாட்கள் முழுவதையும் நாங்கள் அவருக்காக அழுதே முடித்துவிட்டோம்.

"கடுமை எண்டு வந்தது ஐயா. அம்மாவுக்கும் கொஞ்சம் காய்ச்சல் எண்டுதானே வந்தது. அதுதான்..."

 

"அது நான்தான் சொல்லிவிட்டனான்" என்றார். "கொம்மாவை எரிச்சுப்போட்டு வந்து இருந்துதான் சொல்லிவிட்டனான். தூரத்தில தனிய நிக்கிற பிள்ளையள், தாங்குங்களோ எண்டு. ஆனா இந்த முறை எனக்கு மெய்யாவே கடுமைதானடா. உள்ளதைத்தான் சொல்லிவிட்டனான்."

இனித் திரும்பிப் போக வேண்டாம், மச்சாளோடு இருங்கோ, எப்படியாவது கூப்பிட ஒரு வழி பார்க்கிறோம் என்று கெஞ்சினேன். எந்த வழியும் இல்லையென்று சொல்லும்போதே எனக்குத் தெரியும்.

"பாஸ் நாளையோட முடியுது. நான் திரும்பி வருவன் எண்டு பிணை நிண்டவன் அங்க நிக்கிறான். அவனை மாட்டிப்போட்டு நான் இஞ்ச இருக்கேலாது." பிறகு சொன்னார்: "இஞ்ச பார். இனி நான் செத்தா, செத்திட்டான் எண்டுதான் வரும். போற வாற எல்லாருக்கும் சொல்லிவைக்கிறன். வேறை என்ன வந்தாலும் நான் உயிரோட இருக்கிறன் எண்டு பிடி. உன்ர மோள் சொன்னாளே பட்டெண்டு, அப்பிடி வரும். மற்றது, எட்டைத் திரும்பச் செய்யாதேங்கோ. ஒருக்காச் செய்தது காணும்."

ஆரணியைக் கூப்பிட்டு றிசீவரைக் காதில் வைத்தேன்.  அவள் பயந்த கண்ணோடு என்னைப் பார்த்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். செத்தவரோடு கதைக்கச் சொன்ன தகப்பனை அவள் இன்றுவரை முழுக்க மன்னிக்கவில்லை.

திங்கட்கிழமை அந்தக் கந்தோர்ப் பெண்ணிடம் விடுமுறையைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். தடுமாறிய மொழியில், "என் தகப்பன் மறுபடியும் உயிரோடு இருக்கிறார்" என்று சொல்லிவிட்டேன். அவள் மெதுவாக எழும்பி எனக்கு ஒரு கோப்பை தண்ணீர் தந்து, மனநல ஆலோசகரின் நேரத்தைப் பதியட்டுமா என்று கேட்டாள்.

6

அதன் பிறகு நாங்கள் கெட்ட செய்திக்குச் சந்தோஷப்படுகிற ஆட்களானோம். "ஐயாவுக்குத் திரும்பக் காய்ச்சலாம்." நல்லது, இருக்கிறார். "முழங்கால் வீங்கி நடக்கேலாதாம்." இருக்கிறார். "செல் விழுந்து கொட்டில் எரிஞ்சு போச்சாம், மரத்துக்குக் கீழ படுக்கிறாராம்." அண்ணன் அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் என்ன செய்கிறோம் என்று இரண்டு பேருக்கும் உறைத்தது.

நாளாக நாளாகச் செய்தி அருகியது. வழிகள் மாறின, வவுனியாவுக்கு வருகிற ஆட்கள் குறைந்தார்கள். ஒன்றும் வராத மாதங்களையும் நாங்கள் உயிர்க்கணக்கில்தான் சேர்த்தோம். செத்திட்டார் என்று வரவில்லையே.

போன வருடம் மழைக்காலத்தில் பவளம் மச்சாள் எனக்கே நேரே எடுத்தார். சுகம் விசாரிக்கவில்லை, பிள்ளையைக் கேட்கவில்லை.

"தம்பி, மாமா செத்திட்டார்."

மச்சாள் நிறுத்தவில்லை.

"இப்பிடித்தான் சொல்ல வேணும், ஒரு சொல்லும் குறைக்கப்படாதெண்டு எல்லாரிட்டையும் சொல்லிவைச்சவராம். எனக்கு இப்பிடிச் சொல்ல வராதடா. வழி முழுக்கச் சொல்லிச் சொல்லிப் பாத்துக்கொண்டு வந்தனான்" என்று கத்தி அழுதார்.

அம்மா விஷயத்தில், சுகப்படும் என்று நம்ப எங்களிடம் ஒரு காய்ச்சலாவது இருந்தது. இந்த வசனத்தில் நின்று பிடிக்க ஓர் இடமும் இல்லை. என்னோடு ஒரு மணித்தியாலம் இருந்து, தேத்தண்ணி குடித்து, பொய் சொல்ல ஒருவர் வரமாட்டாரா என்று இருந்தது.

"எப்ப மச்சாள்?"

"அது சொல்லிவரேல்லை."

திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டோம். ஒருவர் நெல் வெட்டின காலம் என்றார். இன்னொருவர் இல்லை, விதைத்த கையோடு என்றார். செத்திட்டார் என்பதில் ஒருவரும் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. கொள்ளி வைத்த பக்கத்துக் காணிக்காரருக்குத் தெரிந்திருக்கும். அவர் எழும்பி எங்கே போனாரென்று யாருக்கும் தெரியாது.

எட்டைத் திரும்பச் செய்யவில்லை. ஐயா வேண்டாம் என்றவர். துக்க விடுமுறையும் கேட்கவில்லை, அந்தப் பெண்ணின் முன்னால் போய் நிற்க எனக்குத் தைரியம் இல்லை. அடுத்த நாள் வேலைக்குப் போய் வழமை போல கறுப்புப் படங்களைப் பார்த்தேன்.

இப்போது ஆட்டைத் திவசம், ஒரு வருடம் முடிகிற திவசம், வருகிறது. "எட்டைத்தானே வேண்டாமெண்டவர், திவசத்தை ஒண்டும் சொல்லேல்லையே" என்கிறார் அண்ணன். திதி தெரியாவிட்டால் ஆடி அமாவாசையில் செய்யலாம் என்று அங்கத்தைக் கோயில் ஐயர் சொன்னாராம். அண்ணனுக்கு மனம் வரவில்லை.

"அது எல்லாற்றை தேப்பன்மாருக்கும் பொதுவான நாள். எங்கட ஐயாவுக்கெண்டு ஒரு நாள் வேணும் தம்பி."

"எந்த நாள் அண்ணை?"

"கடுமை எண்டு வந்துதே, அந்த நாள். நாங்கள் ரெண்டு பேரும் ஐயாவுக்கு அழுத நாளெண்டு எங்களிட்டை இருக்கிறது அது ஒண்டுதான்."

நான் சரி என்றேன். ஐயரிடம் அந்தத் திதியைக் கொடுத்திருக்கிறோம். அந்தத் திதியன்று ஐயா உயிரோடு இருந்தார். வவுனியா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டு, பிள்ளைகள் எடுத்தார்களா என்று பவளம் மச்சாளிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.